ஃபெரெட்டுக்கு மலிவாக மாமிசம் தேடும் வழி

கீரியைப் போல் நீண்ட உடலும், விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓயாத குறும்பும் கொண்ட ஃபெரெட் என்னும் சிறு பிராணியை இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றும் வெறும் பிரியத்துக்கென்றும் வளர்ப்போர் பலர். அதற்குப் பச்சை மாமிசமே உசிதமான ஆகாரம் என்று தீர்மானித்துவிட்டு, செல்லப்பிராணிக் கடையின் விலைச்சீட்டைக் கண்டதும் அத்தீர்மானத்தைக் கைவிட எண்ணுவோரும் அவர்களுள் பலர். அவசரப்பட வேண்டாம். மனிதர் விரும்பி வாங்காத உறுப்புகளைத் தேடி வாங்கக் கற்றுக்கொண்டால், நல்ல மாமிசமே மலிவாகக் கிடைக்கும்.

பிராணியின் சுபாவத்தை அறிந்த பின்பு கடைக்குச் செல்வதே முறை. போல்கேட் என்னும் காட்டு ஜீவனிலிருந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கப்படுத்தப்பட்ட இந்த ஃபெரெட், மாமிசத்தையன்றி வேறெதையும் சரிவர ஜீரணிக்கச் சக்தியற்றது. அதன் குடல் மிகக் குறுகியது. பெருங்குடலின் தொடக்கத்தில் பிற பிராணிகளுக்கு உள்ள பை அதற்கு இல்லை. உண்டது மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும். பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்து ஃபெரெட்டை வளர்ப்பது ஆங்கிலேயக் கிராமங்களில் நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. சிக்கனத்தின் பெயரால் அவ்வாயில்லா ஜீவனுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் அது என்பதே என் அபிப்பிராயம்.

இனி, காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். வளர்ந்த ஃபெரெட் ஒன்று நாளொன்றுக்குத் தன் எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை பச்சை மாமிசம் உண்ணும். 800 கிராம் எடையுள்ள பெண்ணும் ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஆணுமாக இரண்டு இருப்பின், நாளுக்குச் சுமார் 160 கிராம், மாதத்துக்கு ஏறக்குறைய 5 கிலோ. ஒரு நடுத்தர நாய் உண்பதில் இது ஒரு பகுதியே. குளிர்காலத்தில் உடல் பருத்துச் சற்று அதிகம் கேட்கும், கோடையில் குறையும். இந்த 5 கிலோவில் தசை 4 கிலோ, எலும்பு அரைக் கிலோ, உள்ளுறுப்பு அரைக் கிலோ என்று பகுத்து, உள்ளுறுப்பில் பாதியை ஈரலாகவும் மறு பாதியைச் சிறுநீரகம், சுவரொட்டி முதலியவையாகவும் கொள்வது பச்சை மாமிசம் கொடுப்போரிடையே வழங்கும் விகிதம். கோழி இறக்கையில் ஏறக்குறையப் பாதி எலும்பாதலால், ஒரு கிலோ இறக்கை வாங்கினால் மாதத்துக்கு வேண்டிய எலும்பு வந்துவிடும். அதைப் பச்சையாகவே கொடுக்க வேண்டும், வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். இருதயமும் கோழியின் இரைப்பையும் தசைக் கணக்கிலேயே சேரும் என்பதை மறவாதீர்கள், ஏனெனில் உங்கள் பணம் மிச்சமாவது அவ்விடத்தில்தான்.

கணக்குச் சீட்டோடு செல்ல வேண்டிய இடம், தெற்காசியரும் அரபியரும் வாழும் வீதிகளிலுள்ள ஹலால் கசாப்புக் கடை. ஆங்கிலேயக் குடும்பங்கள் இப்போது பெரும்பாலும் ஒதுக்கிவிட்ட ஈரலும் இரைப்பையும் இருதயமும் அங்கே அன்றாடம் விற்பனையாவதால் புதிதாக இருக்கும். விலையோ நெஞ்சுக்கறியின் விலையில் ஒரு சிறு பகுதிதான். லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் வசிக்கும் தமிழர்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வறுவலுக்கு ஈரல் வாங்கும்போதே ஃபெரெட்டுக்கும் ஒரு பங்கு கேட்டால் போதும். ஃபெரெட்டுக்கு இன்றியமையாத டாரின் என்னும் சத்து இருதயத்தில் மிகுதியாக இருப்பதால், மாதத்தில் அரைக் கிலோவேனும் அது இருக்கட்டும். ஈரலைமட்டும், மலிவாயிற்றே என்று அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். ஏ வைட்டமின் மிஞ்சி நஞ்சாகும்.

பேரங்காடிகளில் அன்றே விற்றாக வேண்டிய பொருள்மீது மாலை நேரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி விலையைக் குறைப்பார்கள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் வான்கோழியும் அவ்வாறே இறங்கும். வாங்கிய அன்றே உறையவைத்தால் இதில் தோஷமில்லை.

ஃபெரெட் முழு உடலையும் தோலோடும் எலும்போடும் உண்ணப் பிறந்த பிராணி. முட்டைக்கோழி இனத்தின் ஆண் குஞ்சுகள், பொரித்த அன்றே கொல்லப்பட்டு, உறையவைத்த மூட்டைகளாக வல்லூறு வளர்ப்போருக்கும் பாம்பு வளர்ப்போருக்கும் விற்கப்படுவது நம் மனத்துக்கு உவப்பான செய்தியன்று. எனினும் அவை மலிவானவை, ஃபெரெட்டுக்கு உகந்தவை. சுண்ணாம்புச்சத்து குறைவாதலால் அவற்றையே தினமும் கொடுக்கலாகாது. கிராமப்புறத்தில் முயல் பிடிப்போருடன் சிநேகமிருந்தால் அது பெரும் பாக்கியம். ஆனால் முயலை வலையில் பிடித்தார்களா, துப்பாக்கியால் சுட்டார்களா என்று அவசியம் கேளுங்கள். சுட்ட மாமிசத்தில் ஈயக்குண்டின் துணுக்குகள் தங்கியிருக்கலாம். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரையிலான வேட்டைப் பருவத்தில் இனாமாகக் கிடைக்கும் ஃபெசன்ட் பறவைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வழியில் செத்துக் கிடக்கும் காட்டுப் பறவையை எடுத்துவரவே கூடாது. மனிதரின் இன்ஃபுளுவென்சா வைரஸை 1933-இல் லண்டன் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளின் துணையால்தான். அவ்வளவு எளிதில் அந்நோய்க்கு இலக்காகும் பிராணிக்குப் பறவைக் காய்ச்சலும் அபாயமே. உப்பிட்ட பன்றிக்கறி, மசாலா கலந்த சாஸேஜ் ஆகியவையும் விலக்கத்தக்கன. நாய்க்கென்று விற்கும் கொத்துக்கறியில் பெரும்பாலும் காரட்டும் பட்டாணியும் கலந்திருக்கும். சீட்டில் உள்ள பொருள்களின் பட்டியலைப் படித்து, மாமிசமும் எலும்பும் உறுப்பும் தவிர வேறெதுவும் இல்லையென்றால் மாத்திரம் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாளைக்கொரு பொட்டலமாகக் கட்டி, தேதியெழுதி, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் வையுங்கள். வேண்டியதை முந்தைய இரவே குளிர்பெட்டியின் அடித்தட்டுக்கு மாற்றினால் காலையில் இளகியிருக்கும். உறைகுளிர் சால்மொனெல்லாக் கிருமியைக் கொல்லாது. பலகையையும் கத்தியையும் தனியாக வைத்துக்கொண்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

குட்டிப் பருவத்தில் அறியாத வாசனையை வளர்ந்த ஃபெரெட் ஆகாரமென்றே ஒப்புக்கொள்ளாது. ஆகவே பழைய உணவில் ஒரு தேக்கரண்டி அரைத்த மாமிசத்தைக் கலந்து, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முயல்வது கொடுமை மட்டுமல்ல, அபாயமுமாகும். மலம் வெளுத்துப் பொடியாக உதிர்ந்தால் எலும்பைக் குறையுங்கள். இளகிப்போனால் ஈரலைக் குறையுங்கள். தாரைப் போல் கறுத்திருந்தால் தாமதமின்றி மிருக வைத்தியரிடம் செல்லுங்கள். உண்டு மிஞ்சியதை ஒளித்துவைப்பது அதன் பிறவிக் குணம். என் செருப்புக்குள் இரண்டு நாள் கிடந்த ஈரல் துண்டொன்றைக் கால்விரலால் கண்டுபிடித்த அனுபவத்திலிருந்து, சோபாவின் அடியைத் தினமும் பார்க்கும் வழக்கம் எனக்கு ஏற்பட்டது.

பழைய பாணிக் கசாப்புக் கடைகள் பல ஞாயிற்றுக்கிழமை திறப்பதில்லை. எனவே சனிக்கிழமை பிற்பகல், கடை மூடுவதற்குச் சற்று முன்னால், மூடியுள்ள பாத்திரமொன்றைக் கையோடு கொண்டு சென்று, இருதயம் ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா என்று கேளுங்கள்.