ஒரே திதி, இரு பெருமான்கள்

அக்டோபர் 2-ஆம் நாள் அண்ணல் காந்தியடிகள் தோன்றிய நாள். அவர் பிறந்தது 1869-ஆம் ஆண்டு. அதே தேதியில் 1904-ஆம் ஆண்டு லால் பகதூர் சாஸ்திரி பிறந்தார். அதே தேதியில் 1975-ஆம் ஆண்டு பெருந்தலைவர் காமராசர் மறைந்தார். ஐக்கிய நாடுகள் சபை 2007-ஆம் ஆண்டு இத்தேதியை உலக அகிம்சை நாளாக அறிவித்தது. பிள்ளைகள் இவற்றைப் பள்ளியில் கற்று நினைவில் வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் நம் தீர்த்தங்கரர்களுள் இருவர் ஒரே திதியில் பிறந்தவர்கள் என்பதையும், அவ்விருவரும் ஒரே குன்றின்மேல் நம் அருகிலேயே எழுந்தருளியிருக்கிறார்கள் என்பதையும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? இக்கட்டுரை அத்திதியைப் பற்றியது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூருக்கு அண்மையில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ளது திருநறுங்கொண்டை. திருநறுங்குன்றம் என்றும் மக்கள் வழங்குவர். அங்குப் பாறையில் புடைப்புருவமாக, பாம்பின் படம் குடைபிடிக்க நின்றருள்பவர் அப்பாண்டைநாதராகிய பார்சுவநாத பகவான். அதே குன்றின்மேல் சந்திரப்பிரப பகவானுக்கும் ஆலயம் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் இக்குன்றின் தொன்மைக்குச் சான்று. சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடரின் ஆசிரியரான குணபத்திரர் இத்தலத்தோடு தொடர்புடையவர். உத்தரபுராணம் இயற்றிய குணபத்திராசாரியர் அவருக்கு முற்பட்ட வேறொருவர் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க.

இருவரும் ஒரு திதியும்

சந்திரப்பிரபர் எட்டாம் தீர்த்தங்கரர், பார்சுவநாதர் இருபத்துமூன்றாமவர். இருவருக்குமிடையே பதினான்கு தீர்த்தங்கரர்கள் தோன்றி அறம் உரைத்தனர். சந்திரப்பிரபர் பிறந்தது சந்திரபுரி; இலாஞ்சனம் பிறைமதி; சாசன தேவி ஜ்வாலாமாலினி. பார்சுவநாதர் பிறந்தது காசிமாநகர், இலாஞ்சனம் பாம்பு, சாசன தேவி பத்மாவதி. சந்திரபுரி என்பது காசிக்கு அருகே கங்கைக்கரையில் உள்ள சந்திராவதி என்னும் ஊர். ஆகவே, கால எல்லையால் நெடுந்தொலைவு பிரிந்து நிற்கும் இருவரும் இட எல்லையால் அண்டை ஊரினர். இருவரும் வீடுபேறு அடைந்த இடமும் ஒன்றே. அது சம்மேத சிகரம்.

திகம்பர மரபின்படி இவ்விருவரின் ஜன்ம கல்யாணமும் பௌஷ மாதம் கிருஷ்ண பட்ச ஏகாதசி, அதாவது பௌஷ மாதத் தேய்பிறைப் பதினோராம் நாள். அவர்கள் இல்லம் துறந்து தீக்ஷை ஏற்ற தபக் கல்யாணமும் அதே திதி. இவ்வாறு இரு பிறப்பும் இரு துறவும் ஆக நான்கு கல்யாணங்கள் ஒரே திதியில் அமைந்துள்ளன. சுவேதாம்பர மரபில் பார்சுவநாதரின் பிறப்பு தசமியிலும் துறவு ஏகாதசியிலும் வைத்துச் சொல்லப்படும். துறவின் திதியில் இரு மரபும் ஒன்றுபடுவது நோக்கத்தக்கது.

பிறந்த நாளே துறந்த நாள்

பிறப்பும் துறவும் ஒரே திதியில் அமைவது இவ்விருவருக்கு மட்டும் உரியதன்று. ஆதிபகவன் விருஷபநாதர் பிறந்ததும் துறந்ததும் சைத்ர மாதக் கிருஷ்ண நவமி. நேமிநாதருக்கு இரண்டும் சிராவண மாத சுக்ல சஷ்டி. சாந்திநாதருக்குப் பிறப்பு, துறவு, மோட்சம் ஆகிய மூன்றும் ஜ்யேஷ்ட மாதக் கிருஷ்ண சதுர்த்தசி. குந்துநாதருக்கு அம்மூன்றும் வைசாக மாத சுக்லப் பிரதமை. மகாவீரர் இவ்வரிசையில் சேரார். அவர் பிறந்தது சைத்ர மாத சுக்லத் திரயோதசி. துறந்தது மார்கசீர்ஷ மாதக் கிருஷ்ண தசமி.

பிறந்த நாளில் வீட்டை விட்டு வெளியேறுதல் என்பதை எண்ணிப் பாருங்கள். அரண்மனையில் மங்கல முழவு ஒலிக்கும் நாள் அது. அந்நாளிலேயே அவர்கள் அணிகலன் களைந்தனர். தலைமயிரைத் தம் கையாலேயே பறித்து நீக்கினர். சந்திரப்பிரபர் கண்ணாடியில் தம் முகத்தை நோக்கியபோது உடலின் நிலையாமையை உணர்ந்தார் என்பது உத்தரபுராணம் கூறும் செய்தி. பார்சுவநாதரிடம் அயோத்தியிலிருந்து ஒரு தூதுவன் வந்தான். அந்நகரின் பெருமையைக் கூறுமிடத்து விருஷபதேவரின் வரலாற்றை உரைத்தான். அதனைக் கேட்ட அளவில் தம் பிறவியின் நோக்கம் இன்னதென்று தெளிந்து துறவு பூண்டார். அப்போது அவருக்கு அகவை 30. நிறைவாழ்வு 100 ஆண்டு. எஞ்சிய 70 ஆண்டும் தவத்திற்கும் அறவுரைக்கும் ஆயின.

ஒருவர்க்குக் கண்ணாடி, மற்றவர்க்குத் தூதுவன் சொல். நாள்தோறும் நாமும் கண்ணாடி பார்க்கிறோம். ஆதிபகவன் வரலாற்றையும் கேட்கிறோம். கருவி நம்மிடமும் இருக்கிறது. ஏற்கும் உள்ளப் பக்குவமே வேண்டப்படுவது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். அத்திதியில் பிறந்ததனால் அவர்கள் தீர்த்தங்கரர் ஆயினரோ? அவ்வாறு கொள்ளுதல் நம் சித்தாந்தத்திற்குப் பொருந்தாது. ஒவ்வோர் ஆண்டும் அத்திதியில் எண்ணற்ற உயிர்கள் பிறக்கின்றன. முற்பிறவிகளில் பதினாறு பாவனைகளைப் பயின்று கட்டிய தீர்த்தங்கர நாமகருமமே அவர்களை அப்பதவிக்கு உரியவர் ஆக்கியது. அவர்களால் திதி சிறப்புற்றது. திதி அவர்களுக்குச் சிறப்புத் தரவில்லை. நாள் பார்த்தே நன்மை வரும் என நம்பும் இக்காலத்தில் இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளக்குதல் பெற்றோர் கடமை.

எந்த மாதத்து ஏகாதசி?

இனி, நடைமுறையில் இடர் தரும் வினாவுக்கு வருவோம். பௌஷ மாதத் தேய்பிறை ஏகாதசி என நூல் கூறுகிறது. பஞ்சாங்கத்தில் அது எந்த நாள்?

சந்திர மாதத்தைக் கணக்கிடுவதில் இரு முறைகள் உள. வடநாட்டில் பௌர்ணமியோடு மாதம் முடியும். ஆதலால் தேய்பிறை முதலிலும் வளர்பிறை பின்னும் வரும். தெலுங்கு, கன்னட நாடுகளில் அமாவாசையோடு மாதம் முடியும். அங்கு வளர்பிறை முதலிலும் தேய்பிறை பின்னும் வரும். வளர்பிறைத் திதிகளில் இரு முறைக்கும் வேறுபாடில்லை. தேய்பிறைத் திதிகளிலோ மாதப் பெயர் ஒன்று மாறிவிடும். தமிழ்நாட்டில் நாம் சூரிய மாதம் கொள்வதால் குழப்பம் மேலும் ஒரு படி ஏறுகிறது. தென்னாட்டுப் பஞ்சாங்கத்தில் பௌஷம் எனப் பெயர் கண்டு அதன் தேய்பிறையில் விழா எடுப்போரும், வடநாட்டு நாட்காட்டி பார்த்து ஒரு மாதம் முன்னரே எடுப்போரும் ஆகப் பிரிந்தால், ஒரே பெருமானுக்கு இரு பிறந்த நாள் ஆகிவிடும். குடும்பங்கள் குறைந்து ஓரிரு வீடுகளே எஞ்சியுள்ள ஊர்களில் இப்பிரிவு வழிபாட்டையே நிறுத்திவிடக் கூடும்.

இதனைத் தீர்க்க இரு சான்றுகள் நம் கையில் உள்ளன.

முதற்சான்று நம் முன்னோர் வழக்கம். மகாவீரர் மோட்சம் அடைந்தது கார்த்திக மாதக் கிருஷ்ண அமாவாசை என நூல்கள் கூறும். அன்றே கௌதம கணதரர் கேவல ஞானம் பெற்றார். அத்திருநாளே நாம் கொண்டாடும் தீபாவளி. அதனை நாம் கொண்டாடுவது ஐப்பசி அமாவாசையில். தமிழ்க் கார்த்திகை மாதத்து அமாவாசையில் அன்று. தென்னாட்டுச் சந்திரமானக் கணக்கில் அது ஆஸ்வயுஜ மாதத்து அமாவாசை. பௌர்ணமியில் முடியும் மாதக் கணக்கின்படியே அது கார்த்திக அமாவாசை ஆகும். ஆகவே, நூல்கள் கூறும் தேய்பிறைத் திதிகளை எம்முறையில் கொள்ளுதல் வேண்டும் என்பதை முன்னோர் தீபாவளியின் வாயிலாகவே நமக்குக் காட்டிச் சென்றனர்.

இரண்டாம் சான்று வானத்தில் உள்ளது. பார்சுவநாதரின் ஜன்ம நட்சத்திரம் விசாகம், சந்திரப்பிரபருடையது அனுஷம். சந்திரன் ஏறத்தாழ நாளுக்கு ஒரு நட்சத்திரம் நகர்வான். மார்கசீர்ஷ மாதப் பௌர்ணமி மிருகசீரிடத்தை ஒட்டி நிகழும். அம்மாதப் பெயரே அதனால் வந்தது. அதற்கடுத்த நாள் முதல் தேய்பிறை. திருவாதிரை ஒன்று, புனர்பூசம் இரண்டு, பூசம் மூன்று என எண்ணிச் சென்றால் பதினொன்றாவது விசாகம். அதற்கு அடுத்தது அனுஷம். பெருமான்கள் இருவரின் நட்சத்திரங்களும் அருகருகே அமைந்து திதியோடு பொருந்துகின்றன. ஒரு நாள் முன்பின்னாக வருவது வானியலில் இயல்பே.

மாறாக, பௌஷப் பௌர்ணமிக்குப் பின்வரும் தேய்பிறையைக் கொண்டால் என்னாகும்? பௌஷப் பௌர்ணமி பூசத்தை ஒட்டியது. ஆயில்யம் ஒன்று, மகம் இரண்டு என எண்ணினால் பதினொன்றாவது மூலம். விசாகத்திற்கும் மூலத்திற்கும் மூன்று நட்சத்திர இடைவெளி. பொருத்தமில்லை. எனவே நூலோர் கருதியது மார்கசீர்ஷப் பௌர்ணமிக்குப் பின்வரும் ஏகாதசியே எனத் தெளிதல் வேண்டும். ஆதிபகவனின் சைத்ரக் கிருஷ்ண நவமியையும் அவரது உத்திராட நட்சத்திரத்தையும் இவ்வாறே எண்ணிப் பார்க்கலாம். பால்குனப் பௌர்ணமியாகிய உத்திரத்திலிருந்து ஒன்பதாவது உத்திராடம் என்பது விளங்கும்.

எளிய அடையாளம்

தமிழ்ப் பஞ்சாங்கம் பார்ப்போர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. மார்கழி மாதத்தில் வரும் அமாவாசையைக் கண்டுகொள்க. அதற்கு நான்கு நாள் முற்பட்ட ஏகாதசியே நாம் நாடும் திதி. அந்நாள் மார்கழியில் வரலாம். சில ஆண்டுகளில் கார்த்திகையின் கடைசி நாட்களிலும் வரலாம். தை அமாவாசைக்கு முன்வரும் ஏகாதசியை இதற்காகக் கொள்ளலாகாது.

ஆங்கிலத் தேதியில் இத்திதி எவ்வாறு இடம் மாறுகிறது என்பதையும் காண்போம். பொதுப் பஞ்சாங்கக் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் டிசம்பர் 19. அதற்கு அடுத்தது 2024 ஜனவரி 7. இடையிலுள்ள 2023-ஆம் ஆண்டில் இத்திதி வரவே இல்லை. பின்னர் 2024 டிசம்பர் 26 அன்று மீண்டும் வந்ததால் 2024-ஆம் ஆண்டில் இருமுறை அமைந்தது. அதற்கடுத்தது 2025 டிசம்பர் 15. பன்னிரண்டு சந்திர மாதங்களுக்கு நாட்கள் 354. ஆங்கில ஆண்டுக்கோ 365. ஆண்டுதோறும் குறையும் 11 நாளை ஈடுசெய்ய ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்று சேர்க்கப்படும். 2023-ஆம் ஆண்டு அதிக சிராவணம் சேர்ந்ததால்தான் 2022 டிசம்பர் 19-க்கும் 2024 ஜனவரி 7-க்கும் இடையே 384 நாட்கள் ஆயின. 2026-ஆம் ஆண்டும் அதிக மாதம் உடையதாகலின், அவ்வாண்டில் இத்திதி அமையாமல் 2027 ஜனவரி 3-இல் அமைகிறது. ஆகவே ஆங்கிலத் தேதியை ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அதனையே பின்பற்றுதல் பொருந்தாது.

இல்லங்களில் செய்யத்தக்கவை

இத்திதியன்று திருநறுங்கொண்டைக்குச் செல்ல இயன்றவர்கள் குடும்பத்தோடு சென்று இரு பெருமான்களையும் வணங்குதல் சிறப்பு. இயலாதோர் தம் ஊர் ஜினாலயத்தில் அபிஷேக ஆராதனை செய்யலாம். சென்னையிலும் பெங்களூரிலும் வேறு நகரங்களிலும் வாழ்வோர் இல்லத்திலேயே பஞ்ச நமஸ்காரம் ஓதி, ஒருவேளை உணவோடு நின்று, பொழுது சாய்வதற்கு முன் உண்டு முடிக்கலாம். மாலையில் இரு தீர்த்தங்கரர் வரலாற்றையும் பெரியோர் ஒருவர் சொல்ல, பிள்ளைகள் கேட்கட்டும்.

மேலும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பிறந்தவுடன் மருத்துவமனைச் சான்றிதழில் ஆங்கிலத் தேதி பதிவாகிறது. பள்ளிக்கும் கடவுச்சீட்டுக்கும் அதுவே பயன்படும். அதனோடு தமிழ் மாதம், பட்சம், திதி, நட்சத்திரம் ஆகியவற்றையும் வீட்டு ஏட்டில் எழுதி வைத்தல் வேண்டும். இதன் நோக்கம் ஜோதிடம் அன்று. திதியை அறிந்த பிள்ளைக்கே, தான் பிறந்த திதியில் எந்தத் தீர்த்தங்கரருக்கு எந்தக் கல்யாணம் அமைந்தது எனத் தேடும் ஆர்வம் பிறக்கும். அத்தேடலே அறக்கல்வியின் தொடக்கம்.

பிறந்த நாளன்று புத்தாடை உடுத்துதலும் இனிப்பு வழங்குதலும் தவறல்ல. அவற்றோடு அன்று ஒன்றைத் துறக்கவும் பழக்குவோம். சிறு பிள்ளைக்கு அது ஒருவேளைத் தின்பண்டமாக இருக்கலாம். வளர்ந்தவர்க்கு ஒரு சினமாகவோ ஒரு வீண்செலவாகவோ இருக்கலாம். துறந்த பொருளின் மதிப்பை அபய தானத்திற்கோ சாஸ்திர தானத்திற்கோ அளிக்கலாம். அணுவிரதம் பூண்ட இல்லறத்தார்க்கு மகாவிரதியரின் வழி இவ்வளவில் தொடங்கும். பௌஷக் கிருஷ்ண ஏகாதசியில் தோன்றி அதே திதியில் அனைத்தையும் துறந்த சந்திரப்பிரபரும் பார்சுவநாதரும் நம் குன்றின்மேல் நின்று உணர்த்துவது இதுவே.

வளர்க ஜின அறம்.