காவலை எழுப்பும் மருந்து

நுழையும்முன்

வெளியிலிருந்து வரும் கிருமியை உடல் விரைவில் இனங்காண்கிறது. தன்னுள்ளேயே தோன்றும் புற்றுநோயை இனங்காணத் தடுமாறுகிறது. அத்தடுமாற்றத்தைப் போக்கக் காசநோய்த் தடுப்பூசி துணைநின்ற வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

கையில் ஒரு தழும்பு

பழவேற்காடு ஏரிப்பகுதியில் உள்ள ஆரம்பாக்கத்தில் பிறக்கும் குழந்தைக்கும் சென்னை மாநகரில் பிறக்கும் குழந்தைக்கும் இடது மேற்கையில் ஒரே ஊசி இடப்படுகிறது. அதுவே பி.சி.ஜி. பிரெஞ்சு அறிஞர்களான கால்மெட், கெரான் ஆகிய இருவரும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்து, வலுவிழக்கச் செய்து இதனை உருவாக்கினர். 1921ஆம் ஆண்டு இது முதன்முதலாக ஒரு குழந்தைக்கு வழங்கப்பட்டது. இந்தியாவில் இதனைத் தயாரிக்கும் ஆய்வகம் 1948இல் சென்னை கிண்டியில் நிறுவப்பட்டது.

பிறவிக் காவல்

பிறப்பிலேயே அமைந்த பாதுகாப்பு, இயல்பு நோய்த்தடைகாப்பு எனப்படும். இப்பணியைச் செய்யும் விழுங்கு செல்கள் முதலியவை ஏற்பிகள் என்னும் புரதங்களைக் கொண்டுள்ளன. அவற்றுள் டோல் வகை ஏற்பிகள், கிருமிகளுக்கே உரிய வேதிக்கூறுகளை உணர்கின்றன. உணர்ந்தவுடன் அச்செல்கள் எச்சரிக்கைப் புரதங்களைச் சுரந்து பிற வெள்ளணுக்களை அழைக்கின்றன. டோல் மரபணு பழ ஈயைக் கிருமிகளிடமிருந்து காப்பதை ஜூல்ஸ் ஹாஃப்மனும், அதனையொத்த ஏற்பி பாலூட்டிகளில் செயற்படுவதைப் புரூஸ் பாய்ட்லரும் கண்டறிந்தனர். இருவரும் 2011ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

உள்ளே தோன்றும் பகை

புற்றுச்செல் அயலிலிருந்து வந்ததன்று. உடலின் சொந்தச் செல்லே திரிந்து உண்டானது. கிருமிக்குரிய அடையாளம் அதனிடம் இல்லை. ஆதலால், காவல் பல வேளைகளில் விழிப்பதில்லை.

கனடாவில் பணியாற்றிய மருத்துவர் ஆல்வரோ மொரேல்ஸ் குழுவினர், சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளுக்குப் பி.சி.ஜி. மருந்தைக் குழாய்வழியே சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பயன் கண்டனர். அம்முடிவை 1976இல் வெளியிட்டனர். கிருமியின் கூறுகளை ஏற்பிகள் உணர, எச்சரிக்கை எழுகிறது. திரண்டுவரும் வெள்ளணுக்கள் அங்குள்ள புற்றுச்செல்களையும் தாக்குகின்றன. புற்று தசைக்குள் பரவாத நிலையில், கட்டியை அகற்றிய பின் அது மீண்டும் தோன்றுவதைக் குறைக்க இம்முறை இன்றும் கையாளப்படுகிறது. எனினும், குழந்தைப் பருவத்தில் இடும் ஊசி இப்புற்றுநோயைத் தடுப்பதன்று.

தசைக்குள் ஆழப் பரவிய புற்றுக்கு இம்மருந்து போதாது. ஆகவே, காலம் தாழ்த்தாமையே நோயாளியின் முதற்கடமை. சிறுநீரில் குருதி தென்பட்டால், வலி இல்லையென்று வாளாவிருத்தல் கூடாது. உடனே மருத்துவரை நாட வேண்டும். இந்நோய்க்கு முதன்மைக் காரணமாகிய புகைப்பழக்கத்தை விலக்குவது ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. உடலின் காவலை மருந்து எழுப்பலாம். அதற்குரிய காலத்தை மனிதரின் விழிப்பே அளிக்க முடியும்.

கற்பவை கற்றபின்…

1. உடல் கிருமியை அறிவதற்கும் புற்றுச்செல்லை அறிவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு இடப்படும் தடுப்பூசிகளைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.