ஒற்றனைக் காட்டிக்கொடுக்கும் ஒளி

கேள்வி: குவாண்டம் பின்னல் மூலம் கணப்பொழுதில் செய்தி அனுப்பலாம், அதை யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர் ஒருவர், வட்டவளை

பதில்: முதல் பாதி தவறு, இரண்டாவது பெரும்பாலும் சரி.

பின்னிய இரு ஒளித்துணிக்கைகளில் ஒன்று ஹட்டனிலும் மற்றது கொழும்பிலும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே விதமாக அளந்தால் விடைகள் பொருந்தும். ஆனால் என்ன விடை வரும் என்பதை யாரும் தீர்மானிக்க முடியாது. ஆகவே அதில் செய்தி ஏற்ற வழியில்லை. ஆனால் இப்படிப் பல சோடிகளை அளந்தால் இருபுறமும் ஒரே எழுந்தமான எண்தொடர் கிடைக்கும். அதுவே இரகசியச் சாவி. அதைக்கொண்டு பூட்டிய செய்தி வழக்கமான இணையத்திலேயே போகும்.

இடையில் யாராவது துணிக்கையை அளந்தால் பின்னல் குலையும். அளவீடுகளில் ஒரு பகுதியை ஒப்பிட்டாலே குட்டு வெளிப்படும். அந்தச் சாவியைக் கைவிட்டுவிடலாம். இயற்பியலாளர் ஆர்ட்டூர் எக்கர்ட் 1991இல் முன்வைத்த வழி இது.

2020இல் சீன ஆய்வாளர்கள் மிசியஸ் செயற்கைக்கோள் மூலம் 1,120 கிலோமீற்றர் இடைவெளியில் இதைச் சாதித்தனர். 2025 ஜூனில் டெல்லி ஐஐடியும் இந்தியப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டிஆர்டிஓவும் திறந்த வெளியில் 1 கிலோமீற்றருக்கு மேல் செய்துகாட்டின. அதில் சாவி கிடைத்த வேகம் நொடிக்குச் சுமார் 240 பிட்தான்.

மழைக்கும் மூடுபனிக்கும் பேர்போன உங்கள் ஊரில் திறந்தவெளி ஒளி தடுமாறும். ஒளியிழை வடமே பொருந்தும். கருவியில் ஓட்டை இருந்தாலோ, கடவுச்சொல்லை நாமே உளறினாலோ குவாண்டமும் காப்பாற்றாது.