பாண்டிச்சேரியா, புதுச்சேரியா? ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் முறை

நம்மில் பலருக்குப் பிறந்த ஊர் ஒன்று. பிழைக்க வந்த ஊர் மைசூர். பிள்ளைகளின் சான்றிதழ்களில் இரண்டு ஊர்ப் பெயர்களும் மாறி மாறி வரும். அதில் நான் செய்த பிழையையே இம்மாதப் பாடமாக வைக்கிறேன்.

என் மூத்த மகள் பிறந்தது காரைக்காலில். தலைப்பிரசவத்துக்காக என் மனைவி தாய்வீடு போயிருந்தாள். சென்ற ஆண்டு கல்லூரி விண்ணப்பத்தில், பிறந்த இடம் 'காரைக்கால், தமிழ்நாடு' என்று மகள் ஆங்கிலத்தில் எழுதினாள். நானும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பிறப்புச் சான்றிதழோடு ஒத்துவரவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் திருத்திக் கொடுக்க முடிந்தது.

"அங்கே எல்லாரும் தமிழ்தானேப்பா பேசுறாங்க? அப்புறம் எப்படித் தமிழ்நாடு இல்லை?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் ஆகிய நான்கும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை. 1954 நவம்பர் 1-இல் அவற்றின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல் நிறைவேறியது. காரைக்காலைச் சுற்றித் தமிழ்நாடு, மாஹேயைச் சுற்றிக் கேரளம், யானத்தைச் சுற்றி ஆந்திரம். ஆனாலும் நான்கும் சேர்ந்து ஒரே யூனியன் பிரதேசம். இனி விதிகளைப் பார்ப்போம்.

1. ஊரா, பிரதேசமா என்று பாருங்கள். 'புதுச்சேரி' என்பது நகரத்தின் பெயர். முழுப் பிரதேசத்தின் பெயரும் அதுவே. ஆகவே 'காரைக்கால், புதுச்சேரி' என்று எழுதினால் காரைக்கால் ஊர், புதுச்சேரி பிரதேசம் என்று பொருள்.

2. எழுதும் மொழியைப் பாருங்கள். பிரெஞ்சில் 'போந்திசேரி' என்பதில் 'ஆர்' எழுத்து ஒன்றுதான். அதற்கு முந்தைய 'ஈ' எழுத்தின் தலையில் சாய்ந்த கோடு உண்டு. ஆங்கிலத்தில் 'பாண்டிச்சேரி' என்றாலும் 'புதுச்சேரி' என்றாலும் 'ஆர்' இரண்டு, கோடு இல்லை. என் மாமியார் 1948-இல் பிறந்தவர். அவருடைய பிரெஞ்சுப் பிறப்புப் பதிவில் ஊர் 'கரிக்கால்' என்று இருக்கும். எழுத்துப் பிழை என்று நான் சிரித்தேன். "எங்க காலத்து எழுத்து அதுதான் மாப்பிள்ளை" என்றார் அத்தை. அவர் சொன்னதே சரி.

3. காலத்தைப் பாருங்கள். 2006 அக்டோபர் 1 முதல் ஆங்கிலத்திலும் அதிகாரப்பூர்வப் பெயர் புதுச்சேரிதான். இன்றைய முகவரிக்கு அதையே எழுதவேண்டும். பழைய ஆவணத்தைப் படியெடுக்கும்போது அசலில் உள்ளபடியே எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் குறிப்பிடலாம். நம் அருகிலேயே உதாரணம் உண்டு. பெங்களூர் போகும் ரயிலில் ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டியதும் வரும் பாண்டவபுராவை ஆங்கிலேயர் 'பிரெஞ்ச் ராக்ஸ்' என்று எழுதினார்கள். ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரிடம் பணிபுரிந்த பிரெஞ்சுப் படையினர் அங்கே தங்கியிருந்தது காரணம். இன்று கடித உறையில் அப்படி எழுதினால் யாருக்கும் புரியாது. சரித்திரப் புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லாமல் முடியாது.

4. நிறுவனத்தின் பெயரை நாமாக மாற்றக்கூடாது. 2014 நவம்பர் 1 முதல் நம் ஊர் ஆங்கிலத்தில் 'மைசூரு'. ஆனால் 1916-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் 'மைசூர்' என்ற பழைய பெயரோடுதான் இருக்கிறது. 'பாண்டிச்சேரி பல்கலைக்கழகம்' என்பதும் அப்படியே.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: யானத்தில் பிறந்த ஒருவர் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். அவருடைய பிறந்த இடம், வசிக்கும் ஊர், பல்கலைக்கழகத்தின் பெயர் மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதுக.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. இன்றிரவே பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இப்போதே திருத்திவிடலாம். கடைசி நாள் வரை காத்திருந்து நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.