பட்டனா, கண்ணாடியா?

"பட்டன் போன் இருந்த காலத்துல பாக்கெட்டுக்குள்ள கைய விட்டே மெசேஜ் அடிப்பேன். இப்ப ரெண்டு வார்த்தை அடிக்க மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கு." நாற்பதைத் தாண்டியவர்கள் கூடும் இடங்களில் இந்த ஏக்கத்தை அடிக்கடி கேட்கிறேன். பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பிள்ளை, "அது பழைய கதை மாமா, டச்தான் வேகம்" என்று பேச்சை முடித்துவிடும். நான் தட்டச்சுப் பயிலகத்தில் ய, ள, ன, க என்று விரல் பழகியவன். ஒரு விசை விரலுக்கு என்னவெல்லாம் சொல்லும் என்பதை அங்கேதான் அறிந்தேன். அதனால் இந்த வாக்குவாதத்தைக் கேட்டுவிட்டுச் சும்மா போக முடிவதில்லை. இரு தரப்பும் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதி யாரும் சோதித்துப் பார்க்காத நம்பிக்கை.

"தொடுதிரையில் எவ்வளவு பழகினாலும் மெதுவாகத்தான் அடிக்க முடியும்"

2019-ல் பின்லாந்தின் ஆல்டோ, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக் ஆகிய பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து, சுமார் 37,000 பேர் தங்கள் போனில் எப்படித் தட்டச்சு செய்கிறார்கள் என்று இணையம் வழியே அளந்தார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 36 சொற்கள். இரண்டு கட்டைவிரல்களாலும் அடிப்பவர்கள் 38 சொற்களை எட்டினார்கள். மிக வேகமாக அடித்தவரின் கணக்கு 85. அதற்கு முந்தைய ஆண்டு, ஆல்டோ ஆய்வாளர்கள் கணினி விசைப்பலகையில் 1,68,000 பேரை அளந்தபோது கிடைத்த சராசரி 52 சொற்கள். ஆக, இடைவெளி இருக்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் நாற்பதுகளில் இருப்பவர்களைவிட நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 சொற்கள் கூடுதலாக அடித்தார்கள். சிறு வயதிலிருந்து அந்தக் கண்ணாடித் திரையோடு வளர்ந்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

கல்லூரிப் பிள்ளை இதைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். மேலே சொன்னது கண்ணாடியையும் கணினியையும் ஒப்பிட்ட கணக்கு. மாமா ஏங்குவது போனில் இருந்த குட்டி விசைகளுக்காக. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் 2005-ல் நடந்த ஒரு சோதனையில், அத்தகைய கட்டைவிரல் விசைப்பலகையில் சிலரைத் தொடர்ந்து பழகவைத்தார்கள். தொடக்கத்தில் நிமிடத்துக்கு முப்பதைச் சற்றே தாண்டி அடித்தவர்கள், 400 நிமிடப் பயிற்சிக்குப் பிறகு 60 சொற்களை எட்டினார்கள். அது கணினிச் சராசரியையே மிஞ்சிய வேகம். ஆனால் அவர்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்து முறையாகப் பயின்றவர்கள்; 37,000 பேரோ தங்கள் போக்கில் அடித்தவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நன்கு பழகிய கட்டைவிரல் பட்டனில் கண்ணாடிக்குத் தோற்காது என்பது வரைக்கும் சொல்லலாம். மாமாவின் நினைவு பொய்யல்ல.

அந்த 2019 ஆய்வில் நம் அன்றாடத்துக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. தானாகத் திருத்தும் வசதியைப் பயன்படுத்தியவர்கள் வேகமாக அடித்தார்கள். விசைகளுக்கு மேலே வரிசையாக வரும் சொற்பரிந்துரைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கோ வேகம் குறைந்தது. காரணம் எளிது: கண் மேலே போக வேண்டும், மூன்று சொற்களைப் படிக்க வேண்டும், எது வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும், பிறகு விரல் அங்கே போக வேண்டும். அதற்குள் நாலைந்து எழுத்துகளை அடித்தே விடலாம். ஆனால் இது ஆங்கிலச் சொற்களை வைத்துச் செய்த ஆய்வு. "எழுதிக்கொண்டிருக்கிறார்கள்" என்ற நம் சொல் ஒன்றில் 14 எழுத்துகள். தமிழ்99 விசைப்பலகையில் அதற்கு 23 தட்டல்கள். அத்தனையையும் ஒரே தொடலில் தரும் பரிந்துரை தமிழில் தன் கூலியை ஈட்டிவிடும் என்றே நினைக்கிறேன். குறுஞ்சொற்களுக்கு அதைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது நல்லது.

"என் விரல் தடிமன், அதனால்தான் தப்புத் தப்பாக விழுகிறது"

இப்படித் தன்னைத்தானே நொந்துகொள்ளும் பெரியவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் உள்ள ஹாஸோ பிளாட்னர் கழகத்தில் கிறிஸ்டியன் ஹோல்ஸ், பேட்ரிக் பௌடிஷ் இருவரும் 2011 வாக்கில் இதை ஆராய்ந்தார்கள். நாம் ஓர் இடத்தைத் தொடும்போது கண்ணுக்குத் தெரிவது விரலின் மேற்பக்கம், அதாவது நகமும் விரலின் ஓரங்களும். அவற்றை வைத்தே குறி பார்க்கிறோம். திரைக்குத் தெரிவதோ விரலின் அடிப்பக்கச் சதை பதிந்த இடம், அதன் நடுப்புள்ளி. நாம் குறி வைத்த இடமும் திரை உணர்ந்த இடமும் எப்போதும் கொஞ்சம் விலகியே இருக்கும். விலகலின் அளவு விரலைச் சாய்க்கும் கோணத்தைப் பொறுத்து மாறும், ஆளுக்கு ஆளும் மாறும். ஒல்லி விரல்காரருக்கும் இதே விலகல் உண்டு.

போன் தயாரிப்பவர்களுக்கு இது தெரியும். கண்ணுக்குத் தெரியும் கட்டம் வேறு, விரலை ஏற்கும் கட்டம் வேறு. ஆங்கிலத்தில் 'டி' அடித்தவுடன் 'ஹெச்' வர வாய்ப்பு அதிகம் என்பதால், ஐபோனில் அந்த எழுத்தின் ஏற்கும் பரப்பு விரிந்துகொள்ளும். படம் துளியும் மாறாது. ஆப்பிளில் அந்த விசைப்பலகையை உருவாக்கிய கென் கோசியெண்டா, பின்னர் அந்த நாட்களைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 2005-ல் கண்ணாடியில் ஒழுங்காக எழுத்து விழாததால், குழுவில் இருந்த அத்தனை பேரும் வேறு வேலைகளை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு விசைப்பலகை மாதிரி செய்து பார்த்தார்கள். முதலில் தேர்வான அவருடைய மாதிரியில் ஒரு பெரிய விசையில் பல எழுத்துகள் இருந்தன. பிறகு அதை விட்டு, எழுத்துக்கொரு விசை என்ற பழைய அமைப்புக்கே திரும்பி, தவறுகளை அகராதி பின்னணியில் திருத்தட்டும் என்று வைத்தார்கள். பிழை விழும் என்பதை ஏற்றுக்கொண்டு கட்டிய கருவி அது. பிழை விழும்போது விரலைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

பட்டன் போனில் அகராதி உதவியே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2 முதல் 9 வரை இருந்த எண் விசைகளில் ஓர் எழுத்துக்கு ஒரே தட்டல் என்று சொல்லை ஊகித்த டி9 முறையும் அகராதியின் வேலைதான். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கிளிஃப் குஷ்லரே பின்னால், கண்ணாடியில் விரலை எடுக்காமல் இழுத்து எழுதும் ஸ்வைப் முறையையும் உருவாக்கினார்.

"பட்டனின் அருமை அந்த 'டிக்'கில் இருக்கிறது, அதிர்வைப் போட்டுவிட்டால் திரையும் பட்டன்தான்"

இந்த நம்பிக்கையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பட்டனில் நாம் உண்மையாகவே இழந்தது இங்கேதான் இருக்கிறது.

பயிலகத்தில் முதல் பாடம் அடிப்பது அல்ல, விரலை வைப்பது. இடது கை நான்கு விரல், வலது கை நான்கு விரல், நடுவரிசையில் அமர்ந்திருக்கும், எதுவும் அச்சாகாது. கணினி விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டிலும் ஒரு சிறு மேடு இருக்கும். பழைய போனில் 5-ஆம் எண் விசையில் ஒரு புள்ளி இருக்கும். விரல் தடவிக்கொண்டே வந்து அந்த மேட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்து மற்ற விசைகளின் திசையை அறியும். பட்டனில் தொடுவது ஒன்று, அழுத்துவது வேறொன்று. கண்ணாடியில் இரண்டும் ஒன்றே: தொட்டால் எழுத்து விழுந்துவிடும். விரல் எங்கும் இளைப்பாற முடியாது, அந்தரத்தில் நிற்க வேண்டும். எங்கே இருக்கிறோம் என்று கண்தான் சொல்ல வேண்டும். 'டிக்' சத்தமும் அதிர்வும் அழுத்திய பிறகு வருபவை. பட்டன் விரலோடு பேசுவது அழுத்துவதற்கு முன்.

விசைப்பலகைப் போனுக்குப் பெயர்பெற்ற பிளாக்பெரியே இதில் சறுக்கியது. 2008 நவம்பரில் அந்த நிறுவனம் ஸ்டார்ம் என்ற தன் முதல் தொடுதிரைப் போனைக் கொண்டுவந்தது. அதில் திரை முழுவதுமே ஒரு பெரிய பொத்தான். அழுத்தினால் உள்ளே அமுங்கி 'டிக்' என்றது. பட்டன் பிரியர்களுக்கு அது போதும் என்று நினைத்தார்கள். ஆனால் விரலுக்கு எழுத்துகளின் எல்லை தெரியவில்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் திரையையே அமுக்கி விடவேண்டியிருந்தது. சத்தத்தைக் காப்பாற்றினார்கள், தடவிப் பார்க்கும் பரப்பைக் காப்பாற்றவில்லை.

இதிலிருந்து, பார்வையற்றவர்களுக்குத் தொடுதிரை உதவவே உதவாது என்று முடிவு கட்டினால் அது அடுத்த தவறு. 2009-ல் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் வந்தன. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று போன் வாய்விட்டுச் சொல்லும். அந்த எழுத்து வேண்டும் என்றால்தான் உறுதி செய்ய வேண்டும். தொடுவதும் அழுத்துவதும் மறுபடி இரண்டாகப் பிரிந்தன. 2014-ல் ஐபோனில் வந்த பிரெய்ல் உள்ளீடு இன்னும் ஒரு படி மேலே போனது. திரை வெளிப்பக்கம் பார்க்கும்படி போனை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பிரெய்லின் ஆறு புள்ளிகளுக்கு ஆறு விரல்களால் தட்டலாம். விசை எங்கே என்று விரல் தேடுவதில்லை. விரல்கள் எங்கே பதிகின்றன என்று போன் கற்றுக்கொண்டு, புள்ளிகளை அங்கே நகர்த்திக்கொள்கிறது. அச்சடித்த விசையால் முடியாத காரியம் இது.

"ஐபோன் வந்தது, மறுநாளே பட்டன் செத்தது"

நடந்தது அப்படியல்ல. 2007-ல் ஐபோன் அறிமுகமானபோது, விசைப்பலகை இல்லாத போன் தொழில்துறையினரை ஈர்க்காது என்று மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் சொன்னார். அதை இன்று மேற்கோள் காட்டிச் சிரிக்கிறார்கள். ஆனால் அன்று சுமார் 80 லட்சமாக இருந்த பிளாக்பெரி சந்தாதாரர்கள் 2012-ல் 8 கோடியானார்கள். ஐபோன் வந்த பிறகு ஐந்து ஆண்டுகளில் பத்து மடங்கு. முதல் ஆண்ட்ராய்டு போனான ஜி1, 2008-ல் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் விசைப்பலகையோடுதான் வந்தது. ஆண்ட்ராய்டுக்குத் திரைவிசைப்பலகையே 2009 ஏப்ரலில்தான் கிடைத்தது. பிளாக்பெரியின் பழைய போன்களுக்கான சேவைகள் நின்றது 2022 ஜனவரி 4 அன்று.

பட்டன் வேகத்தில் தோற்றதாக எனக்குத் தோன்றவில்லை, இடத்தில் தோற்றது. படம் பார்க்கும்போதும் வரைபடம் பார்க்கும்போதும் போனின் பாதி முகத்தைப் பயனில்லாமல் அடைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடி விசைக்கு வேலை முடிந்ததும் மறையத் தெரியும். வேறு எழுத்தாக மாறவும் தெரியும்.

"போனில் தமிழுக்கு வழி திறந்தது தொடுதிரைதான்"

இது தொடுதிரை மீதான அன்பால் வரும் தவறு. 2005 பொங்கலை ஒட்டி, முத்து நெடுமாறனின் செல்லினம் சிங்கப்பூரில் வெளியானது. அன்று போனில் இருந்தவை எண் விசைகள்தான். அவற்றிலேயே தமிழ்க் குறுஞ்செய்தி எழுத முடிந்தது. அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பே, யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தட்டச்சுப் பொறியில் இதே சிக்கலைத் தீர்த்திருந்தார். 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்க, புள்ளி போன்ற குறிகளை, அழுத்தினாலும் தாள் நகராத விசைகளில் வைத்தார். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99, 12 உயிரையும் 18 மெய்யையும் ஆய்தத்தையும் வைத்துக்கொண்டு மற்றதைக் கணினியிடம் விட்டது. 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ போதும், புள்ளி தானாக விழும். பட்டனுக்கு ஏற்பத் தமிழை ஒழுங்குபடுத்தியவர்கள் இவர்கள். அந்த உழைப்பின் மேல்தான் இன்றைய திரைவிசைகளும் நிற்கின்றன.

தொடுதிரை செய்தது வேறு ஒன்று. நான் பார்த்த பிளாக்பெரிகளிலும் நோக்கியா ஈ63 போன்ற முழுவிசைப் போன்களிலும் பொறித்திருந்தவை ஆங்கில எழுத்துகள். 2024-ல் ஐபோனில் மாட்டிக்கொள்ள வந்த கிளிக்ஸ் விசைப்பலகையிலும் ஆங்கிலம்தான். என்னைப் போலப் பயிலகத்தில் பழகியவர்களுக்கு அது தடையல்ல, விசையில் என்ன பொறித்திருந்தாலும் விரல் தன் இடத்துக்குப் போய்விடும். பயிலாதவர்களுக்கோ தமிழ் எழுத்து கண்ணில் பட வேண்டும்.

என் சித்தி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பட்டன் போன் வைத்திருந்த அத்தனை ஆண்டுகளிலும் அவரிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்ததில்லை. பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்தான் அவருக்குப் போன். இப்போது அவருடைய திரையில் 'அ' இருக்கிறது, 'ச' இருக்கிறது, 'ழ' இருக்கிறது. ஒற்றை விரலால், ஒவ்வொன்றாகப் பார்த்து, நிமிடத்துக்கு நாலு சொல் வீதம் அடிப்பார். நேற்றுக் காலை வந்தது: "சாப்டியா".