நெல்லின் வேரும் ஓர் எழுத்துப் பிழையும்

நுழையும்முன்

வயலைப் பார்ப்பவர் கண்ணில் படுவன பச்சைப் பயிரும் பொன்னிறக் கதிருமே. அவற்றைத் தாங்கி நிற்கும் வேர் மண்ணுக்குள் மறைந்துள்ளது. மழை பொய்க்கும் ஆண்டில் பயிர் பிழைக்குமா, கருகுமா என்பதைப் பெரும்பாலும் அந்த வேரே முடிவு செய்கிறது. நெல்லின் வேர் செயற்படும் முறையையும் அதனை ஆளும் மரபணுக்களையும் இப்பாடம் விளக்குகிறது.

வேரின் அமைப்பு

நெல், புல் வகையைச் சேர்ந்த பயிர். மாமரத்தைப் போல இதற்குத் தடித்த ஆணிவேர் இல்லை. விதை முளைக்கும்போது முதலில் ஒரு வேர் தோன்றும். பின்னர்த் தண்டின் அடிக்கணுக்களிலிருந்து பல வேர்கள் கிளைத்துக் கொத்தாக வளரும். இவற்றையே சல்லிவேர்கள் என்கிறோம். நாற்றைப் பிடுங்கி நட்டபின் சில நாள்கள் பயிர் வாடி நிற்பதும், புதுவேர் விட்டதும் பச்சை பிடிப்பதும் உழவர் அறிந்த உண்மை.

வேர்களுக்கும் உயிர்வளி வேண்டும். நீர் தேங்கிய சேற்றில் அது மிகவும் குறைவு. ஆயினும் நெல் அழுகுவதில்லை. அதன் வேர்களிலும் தண்டிலும் குழாய் போன்ற காற்றறைகள் உள்ளன. இலைகள் வழியே வரும் உயிர்வளி அவற்றின் ஊடாக வேர்நுனி வரை இறங்குகிறது. வேரிலிருந்து கசியும் உயிர்வளி சேற்றிலுள்ள இரும்புடன் சேரும்போது வேரின்மேல் செம்பழுப்பு நிறம் படிகிறது. வயலில் ஒரு நெற்பயிரைப் பிடுங்கிக் கழுவினால் இந்நிறத்தைக் காணலாம்.

கீழ்நோக்கி வளர்வது எவ்வாறு?

வேர்நுனியில் உள்ள சில செல்களில் சிறு மாவுமணிகள் இருக்கின்றன. வேர் சாய்ந்தால், புவியீர்ப்பினால் அம்மணிகள் செல்லின் கீழ்ப்பக்கத்தில் படிகின்றன. உடனே ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் வேரின் கீழ்ப்பக்கத்தில் மிகுதியாகச் சேர்கிறது. வேரில் ஆக்சின் மிகும் இடத்தில் செல்கள் நீள்வது குறையும். மேற்பக்கச் செல்களோ தொடர்ந்து நீளும். ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் தேங்குவதால் வேர் கீழ்நோக்கி வளைகிறது.

ஆனால் எல்லா நெல்வகைகளின் வேரும் ஒரே அளவில் வளைவதில்லை. சிலவற்றின் வேர்கள் செங்குத்தாக ஆழம் தேடுகின்றன. சிலவற்றின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுகின்றன. இந்த வேறுபாடு மரபு வழி வருவது.

ஓர் எழுத்து விடுபட்டால்

ஐ.ஆர். 64 என்பது பல நாடுகளில் விரும்பிப் பயிரிடப்பட்ட நெல்வகை. நல்ல விளைச்சலும் சுவையான சோறும் தருவது. பாசன வயலுக்கு ஏற்றது. ஆயினும் அதன் வேர்கள் ஆழம் குறைந்தவை. பிலிப்பைன்சு நாட்டின் மேட்டுநில நெல்லான கினந்தாங் பட்டோங்கின் வேர்களோ ஆழமாகச் செல்பவை. இவ்விரண்டையும் கலப்புச் செய்து ஆராய்ந்த ஜப்பானிய அறிவியலாளர் யூசாகு உகாவும் அவர் குழுவினரும், நெல்லின் ஒன்பதாம் குரோமோசோமில் வேர் ஆழத்தை ஆளும் மரபணு ஒன்றைக் கண்டறிந்து 2013ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதன் பெயர் டி.ஆர்.ஓ. 1.

மரபணு என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட செய்தி. செல் அதனை மும்மூன்று எழுத்துகளாகப் பிரித்துப் படிக்கிறது. ஐ.ஆர். 64 நெல்லின் இம்மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதனால் அதன்பின் வரும் பிரிப்பு முழுவதும் பிறழ்ந்து, செய்தி இடையிலேயே நின்றுவிட்டது. உருவான புரதம் குறைபட்டது; வேரின் வளைவும் குறைந்தது.

கினந்தாங் பட்டோங்கின் முழுமையான மரபணுவைத் தொடர் கலப்பின் மூலம் ஐ.ஆர். 64 நெல்லுக்குள் கொண்டுவந்தபோது வேர்கள் ஆழம் சென்றன. வறட்சிக்கு உட்படுத்திய வயலில் பழைய வகையின் விளைச்சல் வீழ்ந்தது. ஆழ்வேர் பெற்ற வகை அதனைவிடக் கூடுதலாக விளைந்தது.

பழைய நெல்லில் கிடைத்த செல்வம்

நெல்லின் முழு மரபுத்தொகுதி 2005ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது நிப்பான்பாரே என்னும் ஜப்பானிய வகை. கசலத் என்னும் இந்தியப் பாரம்பரிய நெல்லோ மணிச்சத்துக் குறைந்த நிலத்திலும் வளரும் ஆற்றலுடையது. இளமையிலேயே வேர்களை மிகுதியாக வளர்க்கச் செய்யும் ஒரு மரபணுவே அதற்குக் காரணம் என 2012ஆம் ஆண்டு அறியப்பட்டது. அந்த மரபணு நிப்பான்பாரே நெல்லில் இல்லவே இல்லை! புதிய வகைகளே போதும் எனக் கருதிப் பழைய விதையைக் கைவிட்டிருந்தால், அதனுள் இருந்த மரபணுவும் அறியப்படாமலே மறைந்திருக்கும்.

ஆழம் மட்டும் போதுமா?

ஆழ்வேர் எல்லா நிலத்துக்கும் பொருந்தும் மருந்து அன்று. அடிமண்ணில் ஈரம் இல்லையெனில் ஆழம் சென்றும் பயனில்லை. உழுது உழுது இறுகிய அடித்தளம் வேரைத் தடுக்கும். மணிச்சத்துப் பெரும்பாலும் மேல்மண்ணில் தங்குவதால், அதனைத் திரட்ட மேல்வேர்களும் வேண்டும். உவர் நிறைந்த வயல்களில் மேல்மட்ட வேர்களே நன்மை தருவதாக 2020ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே நிலத்துக்கேற்ற வேரைத் தேர்வதே அறிவுடைமை. அத்தேர்வுக்குப் பலவகை விதைகள் நம் கையில் இருத்தல் வேண்டும். விதையைக் காத்த உழவர், தாம் அறியாமலே மரபணுக்களையும் காத்தனர்.

சொல்லும் பொருளும்

உயிர்வளி – ஆக்சிஜன்
மணிச்சத்து – பாஸ்பரஸ்
உவர் – உப்புத்தன்மை
பிறழ்தல் – முறை மாறுதல்

பயிற்சி

1. நீர் தேங்கிய வயலில் நெல்வேர் அழுகாமல் இருப்பது எவ்வாறு?
2. வேர் கீழ்நோக்கி வளைவதற்கான காரணத்தை வரிசைப்படுத்தி எழுதுக.
3. ஓர் எழுத்து விடுபட்டால் பொருள் மாறும் தமிழ்ச்சொற்கள் மூன்றினை எழுதுக. (எ.கா. கதிர் – கதி)
4. "பழைய விதைகளைக் காப்பது ஏன் தேவை?" – பாடக் கருத்துகளைக் கொண்டு பத்து வரிகளில் எழுதுக.

செய்து பார்க்க

கண்ணாடிக் குவளையின் உட்புறம் ஈரத்தாள் ஒட்டி, அதற்கும் கண்ணாடிக்கும் இடையே நெல்மணிகளை வைத்து முளைக்கவிடுக. வேர் விட்டபின் குவளையைப் பக்கவாட்டில் சாய்த்து, தாள் உலராமல் நீர் தெளித்து இரண்டு நாள் வைக்கவும். வேர்நுனி எத்திசையில் திரும்பியது என்பதைப் படம் வரைந்து குறிக்கவும்.