பாசன நீரைக் காக்கக் கிராம சபைத் தீர்மானம்

ஓசூர் வட்டாரத்தில் கேழ்வரகு, தக்காளி, முட்டைகோசு, ரோஜா முதலியன பயிரிடப்படுகின்றன. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை ஆறு, தமிழகத்திற்குள் வந்ததும் கெலவரப்பள்ளி அணையில் தேக்கப்படுகிறது. இதன் இரு கால்வாய்களால் சுமார் 8,000 ஏக்கர் பாசனம் பெறுகிறது. பெங்களூரு நகரின் கழிவுநீரும் இந்த ஆற்றில் கலப்பதால், அணையிலிருந்து நீர் திறக்கும்போது நுரை பொங்குவதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறோம். 1970-களிலிருந்து ஓசூரில் தொழிற்பேட்டைகளும் வளர்ந்துள்ளன. இவற்றால் பலருக்கு வேலை கிடைத்தது. ஆனால் ஊர் ஏரியும் கிணறும் கெட்டால் நஷ்டம் விவசாயிக்கே. ஆகவே குறையை டீக்கடையில் பேசுவதோடு நில்லாமல், கிராம சபையில் பதிவு செய்ய வேண்டும்.

கிராம சபை என்பது என்ன?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் இதன் உறுப்பினர்களே. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன், மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் பின்னர் சேர்க்கப்பட்டன. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால், நீர் பற்றிய பொருளை எடுக்க அது ஏற்ற நாள்.

மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருக்க வேண்டும். ஆள் குறைந்தால் கூட்டம் செல்லாது. எனவே பெண்கள், இளைஞர்கள் உட்பட வீட்டுக்கு ஒருவராவது வருதல் அவசியம்.

முதலில் நீரைச் சோதியுங்கள்

கிணற்று மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விட்டு, அதே நீரால் சுத்தமான பாட்டிலை இரண்டு மூன்று முறை கழுவி, ஒரு லிட்டர் பிடிக்கவும். தேதி, சர்வே எண் எழுதி அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கவும். நீரின் மின் கடத்து திறன் 0.7 டெசிசைமன் அளவுக்குக் கீழ் இருந்தால் உப்பினால் தொல்லை இல்லை. 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்கள் கடுமையாகப் பாதிக்கப்படும். இது உப்பை மட்டுமே காட்டும். சாக்கடையோ உலோகமோ கலந்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால் தனிச் சோதனை கோர வேண்டும்.

தீர்மானம் எழுதும் முறை

"தண்ணீர் கெட்டுவிட்டது, நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் பலன் குறைவு. எந்த ஏரி, எந்த மாதத்திலிருந்து, எத்தனை கிணறுகள், சோதனை முடிவு என்ன, யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் பதிந்த பிறகே கையொப்பம் இடவும். நகலை வட்டார வளர்ச்சி அலுவலர், மாவட்ட ஆட்சியர், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் ஓசூர் அலுவலகம் ஆகியோருக்கு அனுப்பவும். நகல் கிடைக்காவிடில், 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம்.

ஓசூர் 2019-இல் மாநகராட்சி ஆனது. அதன் எல்லைக்குள் வசிப்போர் தங்கள் வார்டின் பகுதி சபையில் இதைப் பேசலாம்.

அண்டை மாநிலக் கழிவுநீரை ஓர் ஊரின் தீர்மானத்தால் நிறுத்திவிட முடியாது. ஆனால் கால்வாய் ஓரத்து ஊராட்சிகள் எல்லாம் தேதியோடும் சோதனை முடிவோடும் தீர்மானம் போட்டால், அரசும் பசுமைத் தீர்ப்பாயமும் தள்ள முடியாத சான்றாகும். ஊர் ஏரிக்கு வரும் சாக்கடையைத் திருப்புவது, வரத்துக் கால்வாயைத் தூர் வாருவது போன்றவற்றை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்திலேயே சேர்க்கச் சொல்லலாம். அடுத்த கூட்டத்தில், முந்தைய தீர்மானம் என்னவாயிற்று என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.